ஊதுலைக்குள் காற்று தேடும் வழி

சேலத்தில் இரும்பு என்றதும் உருக்காலைப் பக்கம் கை காட்டுவார்கள். தாதுவை உருக்கி இரும்பாக்கும் ஊதுலை அங்கே கிடையாது. துருப்பிடிக்காத எஃகுதான் வேலை. ஊதுலை இருப்பது மேச்சேரியை அடுத்த பொட்டனேரியில்.

ஊதுலைக்குள் இரண்டு ஓட்டங்கள் எதிரெதிராக நடக்கின்றன. மேலிருந்து இரும்புத் தாதுவும், நிலக்கரியைச் சுட்டு எடுத்த கோக்கும் மாறி மாறி அடுக்காக இறங்கும். அடிக்கு வர 6 முதல் 8 மணி நேரம். அடியில் சுற்றிலும் உள்ள டூயர் குழாய்கள் வழியே 1000 முதல் 1200 டிகிரி செல்சியஸ் சூட்டில் காற்று பாயும். அது கோக்கை எரிக்கும் இடத்தில் 2000 டிகிரியைத் தாண்டும். அங்கே பிறக்கும் கார்பன் மோனாக்சைடு சில நொடிகளில் உச்சிக்குப் போய்விடும். போகிற போக்கில் தாதுவின் ஆக்சிஜனைப் பறித்து, சூட்டையும் கொடுத்துவிட்டு, 100 - 200 டிகிரியில் வெளியேறும்.

சிக்கல் நடுவில்தான். 1200 டிகிரிக்கு மேல் தாது இளகத் தொடங்கி, கேழ்வரகுக் களி போல ஒட்டிக்கொள்ளும். அதற்குள் வாயு நுழையாது. இடையிலுள்ள கோக் அடுக்குகள்தான் அதற்கு ஜன்னல். கோக் வலுவில்லாமல் நொறுங்கினால் பொடி அந்த ஜன்னலை அடைத்துவிடும். 5 மில்லிமீட்டருக்குக் கீழான தாதுப் பொடியைச் சலித்து ஒதுக்குவதும் அதற்காகவே.

வாயு எப்போதும் எளிய வழியைத்தான் பிடிக்கும். சுவரோரம் ஓடினால் சூடு வீணாகி, சுவரும் அரிக்கும். அதனால் உச்சியில் சுழலும் சரிவுத் தகட்டால் நடுவில் கோக்கைக் கூடுதலாகக் கொட்டி, வாயுவை நடுவே இழுப்பார்கள். வழி முற்றிலும் அடைத்தால் தாதுவும் கோக்குமான சரக்கு இறங்காமல் தொங்கும்: சரக்கு மட்டம் பார்க்கும் கம்பி அசையாது, காற்றழுத்தம் ஏறும். காற்றைக் குறைத்தால் சரக்கு தானாகச் சரியும். தாமதித்தால் ஒரேயடியாக விழும், அதுதான் ஆபத்து.

சேலத்தை அடுத்த கஞ்சமலையின் தாதுவை அப்படியே போட முடியாது. அது மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதுவும் குவார்ட்ஸ் என்ற படிகக் கல்லும் கலந்த பாறை. உலையில் இரும்பைவிட, உருகிய கல் கழிவான கசடுதான் மிகும். அரைத்து, காந்தத்தால் பிரித்து, உருண்டையாக்கிச் சுட வேண்டும். சுடும்போது மேக்னடைட், ஹேமடைட் என்ற வேறொரு இரும்பு ஆக்சைடாக மாறுவதால், உலையில் ஆக்சிஜனை எளிதில் விடும்.

டூயரின் பின்னே சிறு கண்ணாடித் துளை உண்டு. நீலக் கண்ணாடி வழியே பார்த்தால் கோக் துண்டுகள் வெள்ளையாகத் துள்ளும். நடுவே கறுத்த கட்டி விழுந்தால், வேகாத தாது இறங்குகிறது, உலை குளிர்கிறது என்று பொருள். உடனே கூடுதல் கோக் போட்டாலும் அது கீழே சேர 6 மணி நேரமாவது ஆகும். அதுவரை காற்றின் சூட்டைக் கூட்டி, அதில் கலக்கும் நீராவியைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும்.