காத்தோ பிமாவும் கணையமும்

காலை ஆறரைக்கெல்லாம் மொரிஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் தெருமுனையில் காத்தோ பிமா பொரிகிற வாசனை எழுந்துவிடும். மசால்வடைக்குக் கடல் கடந்து பிறந்த தம்பி. வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் மூன்றை வைத்து அமுக்கிக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். கைக்கு வருமுன் காகிதம் கண்ணாடியாகிவிடும். அந்த எண்ணெய்க்கு மொரிஷியஸில் ஒரு கதை உண்டு. எண்ணெயிலிருந்து ரத்தத்துக்கு வரும் கொழுப்பு அமிலங்களுக்கும் கணையப் புற்றுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியும் உண்டு.

எண்பதுகளில் இங்கே ரேஷன் எண்ணெய் என்றால் பெரும்பாலும் பாமாயில். அதில் சுமார் 44 விழுக்காடு பால்மிடிக் அமிலம் என்னும் நிறைவுற்ற கொழுப்பு. அரசு அதை மாற்றிச் சோயா எண்ணெய் கொடுத்தது. சோயாவில் பால்மிடிக் பத்து, பதினொரு விழுக்காடுதான். 1987-இல் லிட்டருக்கு 5.5 மில்லிமோலாக இருந்த மக்களின் சராசரி கொலஸ்ட்ரால், 1992-இல் 4.7-க்கு இறங்கியிருந்தது. முழுப் பெருமையும் எண்ணெய்க்குப் போகாது. ஆனாலும் சட்டியில் இருப்பது ரத்தத்துக்கு வரும் என்பதற்கு இதைவிடப் பெரிய செய்முறை விளக்கம் வேண்டியதில்லை.

ரத்தத்தில் கொழுப்பு அமிலங்களை எங்கே அளக்கிறோம் என்பதும் முக்கியம். டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு அன்றன்றைய கல்லாப்பெட்டி. நேற்றுச் சாப்பிட்டதையும் காட்டிக்கொடுக்கும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் அதன் சவ்வு சில மாதக் கணக்கு நோட்டு.

இந்த நோட்டை அப்படியே நம்பவும் முடியாது. மாவும் சர்க்கரையும் மிஞ்சினால் கல்லீரல் அவற்றைக் கொழுப்பாக மாற்றும். முதலில் உருவாவது அதே பால்மிடிக்தான். எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடவே மாட்டேன் என்பார் என் அத்தை. தேநீரில் மட்டும் மூன்று கரண்டி சர்க்கரை. கரும்புத் தீவில் அதை யார் கேட்பது!

சரி, கணையம். இரைப்பைக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்தில் ஒளிந்துகொண்டு இன்சுலினையும் கொழுப்பைச் செரிக்கும் லைபேஸையும் சுரக்கிறது. உடல் பருத்து இன்சுலின் எடுபடாமல் போனால் கொழுப்புத் திசுக்கள் கொழுப்பு அமிலத்தை ஓயாமல் ரத்தத்தில் கொட்டும். கணையத்திலும் கொழுப்பு படியும். மெல்லிய அழற்சி நாள்பட்டு நீடிக்கும். கணையப் புற்றுக்கட்டிகளில் பத்தில் ஒன்பதில் கேராஸ் என்னும் மரபணு பழுதாகியிருக்கிறது. அந்தத் தணலை ஊதிவிடும் காற்றாக இந்த அழற்சியைக் கருதுகிறார்கள்.

அப்படியானால் இன்ன அமிலம் கூடினால் புற்று என்று சொல்லிவிடலாமே? முடியவில்லை. ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. தடை எங்கே என்றால், எது முந்தியது என்பதில். கட்டி வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வளரத் தொடங்கியிருக்கும். அது கணைய நாளத்தை அடைத்தால் லைபேஸ் குடலை எட்டாது. கொழுப்பு செரிக்காமல் வெளியேறும், மலம் மிதக்கும், எடை குறையும். அப்போது எடுத்த ரத்தம் நோயின் விளைவைத்தான் காட்டும், காரணத்தை அல்ல. அதனால் ஆயிரக்கணக்கான ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை உறையவைத்து, யாருக்கு நோய் வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, பிறகு பழைய குப்பியைத் திறந்து பார்க்கிறார்கள்.

சந்தேகமில்லாத ஆபத்துகள் வேறு: புகைப்பழக்கம், உடல் பருமன், நாள்பட்ட கணைய அழற்சி, குடும்ப வரலாறு, நெடுநாள் சர்க்கரை நோய். பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை உள்ள நாடு இது. இதில் ஒரு திருப்பமும் உண்டு: சில நேரம் சர்க்கரையே கட்டியின் முதல் அறிகுறி. ஐம்பதைத் தாண்டியவருக்குத் திடீரெனச் சர்க்கரை ஏறி, காரணமில்லாமல் எடையும் இறங்கினால், மாத்திரை எழுதுகிற டாக்டரிடம் கணையத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.