தூங்கும் கிழங்கில்தான் ஆபத்து: செங்காந்தள் வளர்ப்பவர்களுக்கு

ஆடி பிறந்ததும் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "சார், செங்காந்தள் கிழங்கு எங்கே கிடைக்கும்? மாடியில் வருமா?" என்று கேட்பார்கள். தமிழ்நாட்டின் மாநில மலர், அப்படியொரு அழகு, சங்கப் பாடல்களில் பெண்களின் விரலுக்கு உவமையாக வரும் பூ. ஆசை வருவது இயல்புதான். வளர்க்காதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் வளர்ப்பு முறையைச் சொல்வதற்கு முன்னால் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: "செடி காய்ந்த பிறகு அந்தத் தொட்டியை என்ன செய்வீர்கள்?" இதுவரை யாரும் யோசித்து வைத்திருந்ததில்லை.

தோட்டக்கலைத் துறையில் என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம்தான் கழிந்தது. அங்கே இதற்குச் செங்காந்தள் என்றெல்லாம் பெயர் கிடையாது. கண்வலி. "மூணு ஏக்கர் கண்வலி போட்டிருக்கேனுங்க" என்பார்கள். பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். கிழங்கு கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்து ஏர்க்கலப்பையைப் போல இருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் ஒரு பெயர். கார்த்திகையில் பூப்பதால் ஈழத்தில் இது கார்த்திகைப்பூ. முன்பு லில்லிக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இப்போது தாவரவியலில் கோல்ச்சிகேசியே என்ற தனிக் குடும்பம். அந்தப் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. இந்தச் செடியில் இருக்கும் நஞ்சின் பெயர் கோல்ச்சிசின்.

முதலில் வளர்ப்பு. கவட்டையின் இரண்டு கைகளையும் பாருங்கள். நுனியில் சின்னதாக ஒரு முளை இருக்கும். இந்தக் கிழங்குக்கு உயிரே அங்கேதான். உருளைக்கிழங்கு போலப் பல கண்கள் கிடையாது. நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. வாங்கும்போது ஐம்பது, அறுபது கிராம் எடையில், நுனி முறியாத, அழுகல் புள்ளி இல்லாத கிழங்காகப் பார்த்து வாங்குங்கள். வேலியோரத்திலும் காட்டிலும் தானாக வளர்வதைத் தோண்டி எடுக்க வேண்டாம். தோண்டித் தோண்டியே பல இடங்களில் இது காணாமல் போய்விட்டது.

ஒரு அடிக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டி வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு. அடியில் தண்ணீர் வடியும் ஓட்டை கட்டாயம். கிழங்கைப் படுக்கை வசத்தில் வைத்து மேலே இரண்டு, மூன்று அங்குலம் மண் போட்டால் போதும். முளை வெளியே தெரியும் வரை மண் ஈரம் காயாமல் லேசாகத் தெளித்தால் சரி. பலர் ஆர்வத்தில் தினமும் குடம் குடமாக ஊற்றிக் கிழங்கை அழுக வைத்துவிடுகிறார்கள். முளை வர மூன்று, நான்கு வாரம்கூட ஆகலாம். பொறுக்காமல் கிளறிப் பார்க்காதீர்கள், நுனி ஒடியும்.

கொடி வந்ததும் இலையின் நுனியைக் கவனியுங்கள். இலை போகப் போக ஒடுங்கி, கடைசியில் சுருள் வில்லாக மாறிப் பக்கத்தில் இருப்பதைப் பற்றிக்கொள்ளும். அந்தச் சுருளால் பெரிய குழாயைப் பிடிக்க முடியாது. மூலனூர்க் காடுகளில் (அந்தப் பக்கம் பயிர் செய்யும் நிலத்தையும் காடு என்றுதான் சொல்வார்கள்) கம்பி இழுத்து, வேலிச்செடியான முள்கிளுவையை நட்டு, காய்ந்த விராலிச் செடியின் குச்சிகளைச் சொருகி வைப்பார்கள். மாடியில் மெல்லிய மூங்கில் குச்சியோ நைலான் வலையோ போதும். காற்றில் தண்டு ஒடிந்தால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான், அதனால் ஆதாரத்தைக் கொடி ஓர் அடி வளர்வதற்குள் கொடுத்துவிட வேண்டும்.

பூவைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. மொட்டு பச்சையாகத் தலைகவிழ்ந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்னோக்கி மடங்கி மேலே எழும்பும், ஓரமெல்லாம் அலையலையாக. முதலில் பச்சை கலந்த மஞ்சள், அப்புறம் அடிப்பகுதி மட்டும் மஞ்சளாக நிற்க நுனி சிவக்கும், கடைசியில் பூ முழுக்கச் சிவப்பு. சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக வளைந்து மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். அதனால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. விதைக்காகப் பயிரிடும் காடுகளில் காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணி வரை பெண்கள் வரிசை வரிசையாகப் போய், ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தொட்டு வைப்பார்கள். நூற்றுக்கணக்கான பூக்களைத் தொட்ட கையை உடையில் துடைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து சோற்றுப் போசியைத் திறப்பார்கள். நான் போகும் காடுகளில் எல்லாம் சோப்பும் ஒரு குடம் தண்ணீரும் வரப்பில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாவிட்டால் காட்டுக்காரரிடம் சண்டை போட்டாவது வைக்கச் சொல்வேன்.

இதன் இலையை ஒரு புழு தின்னும். கருப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்பும் புள்ளிகள். ஓரிரண்டு நாளில் கொடியை மொட்டையாக்கிவிடும். கையுறை போட்டுப் பொறுக்கி எடுங்கள், வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். இதில் நான் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு உண்டு: "புழு தின்கிறதே சார், அப்படியானால் விஷம் இருக்காதே?" அந்தப் புழுவின் உடம்பு அதற்குப் பழகியது. நம் உடம்புக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆடு மாட்டுக்கும் இல்லை. கழித்த கொடியைத் தீவனத்தோடு கலந்துவிடாதீர்கள்.

காய் முற்றி, தை மாசிக்குள் இலை மஞ்சளாகி, கொடி சருகாகிவிடும். பயப்பட வேண்டாம், செடி சாகவில்லை. கிழங்கு தூங்கப் போகிறது. தண்ணீரை நிறுத்துங்கள். தொட்டியை மழை படாத இடத்தில் வைகாசி வரை சும்மா விடுங்கள். இந்த நாலைந்து மாதத்தைப் பற்றித்தான் நான் இதை எழுதுகிறேன்.

பூவோடு இருக்கும் காந்தளை யாரும் சமைக்க மாட்டார்கள். இலையோ பூவோ இல்லாமல் மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கைப் பார்த்தால் அது என்னவென்று யாருக்குத் தெரியும்? பழுப்புத் தோல், ஒடித்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று சதைப்பற்று. பார்க்க வள்ளிக்கிழங்கு மாதிரியே இருக்கும். செடி பட்டுப்போச்சு என்று நினைத்து அந்த மண்ணைக் கொட்டிக் கீரைத் தொட்டியில் கலக்கிறார்கள். தொட்டி கைமாறுகிறது. சென்னையில் ஓர் அம்மா எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்டார்: "சார், பழைய தொட்டியைக் கிளறினேன், இது மா இஞ்சியா? ஊறுகாய் போடலாமா?" படத்தில் இருந்தது கலப்பைக்கிழங்கு. வீட்டை விற்றுவிட்டுப் போனவர்கள் விட்டுச் சென்ற தொட்டி அது. அவர் கேட்டார். கேட்காதவர்களை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

மூலனூருக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. விதைக்கிழங்கு விலை அதிகம், வெளியே வைத்தால் திருட்டுப் பயம். அதனால் மூட்டைகளை வீட்டுக்குள் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார்கள். காட்டைப் பார்க்கப் போனவன் தண்ணீர் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த பாட்டி ஒருவர் அடுப்படியில் உட்கார்ந்து, அலுமினியச் சட்டியில் ஏழெட்டுக் கிழங்கைப் போட்டு மண் போகக் கழுவிக்கொண்டிருந்தார். ஒன்றை அரிவாள்மணையில் இரண்டாக நறுக்கியும் வைத்திருந்தார்.

"ஏனுங்கம்மா, இதை எங்கே எடுத்தீங்க?"

"அந்த மூட்டையிலதான் கண்ணு. வள்ளிக்கிழங்கு இத்தனை கெடக்குதே, பேரனுக்கு வேகவெச்சுக் குடுக்கலாம்னு."

அவர் கையைப் பிடித்து எழுப்பி, சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன். சட்டியை அப்படியே குழி தோண்டிப் புதைக்கச் சொன்னேன். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. அடுப்பு ஏற்கெனவே மூட்டியிருந்தது.

வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. கல்லூரி ஆய்வகத்தில் இதே கோல்ச்சிசினை முளைகளில் தடவி, செல் பிரிவதைத் தடுத்து, குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிப் பார்த்திருக்கிறோம். உடம்புக்குள் போனாலும் அது செய்வது அதே வேலைதான். எந்தச் செல்கள் வேகமாகப் பிரிகின்றனவோ அவற்றை முதலில் தாக்கும்: குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால். கவுட் (gout) என்ற மூட்டுவாத நோய்க்கு மருத்துவர் எழுதித்தரும் கோல்ச்சிசின் மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம்தான். ஒரு கிழங்கில் இருப்பது அதைப்போலப் பல மடங்கு. விதையிலும் அப்படித்தான். ஆரஞ்சுச் சிவப்பில் மணி மணியாக இருக்கும் அந்த விதையைத் திண்ணையில் காயப்போடும் வீடுகளில் சின்னக் குழந்தைகள் இருந்தால், தயவுசெய்து அறைக்குள் பூட்டி உலர்த்துங்கள்.

தின்றவுடன் எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத் தொண்டை எரிச்சல், வயிற்றுவலி, வாந்தி, தண்ணீராகப் பேதி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். ஒரு நாள் கழித்து வாந்தி அடங்கினால் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறார்கள். உண்மையான பாதிப்பு அதற்கப்புறம்தான் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் சிறுநீரகம், கல்லீரல், இதயம் என்று ஒவ்வொன்றாகத் தளரும், இரத்த அணுக்கள் குறையும். பிழைத்தவர்களுக்கும் இரண்டாவது வாரத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். பாம்புக்கடிக்கு இருப்பது போன்ற முறிமருந்து இதற்கு நம் மருத்துவமனைகளில் கிடையாது. எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதில்தான் எல்லாம்.

அதனால் உப்புத்தண்ணீர், புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வேலையெல்லாம் வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். மிச்சமிருக்கும் கிழங்கை ஒரு கவரில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். "கண்வலிக்கிழங்கு சாப்பிட்டாச்சு, கோல்ச்சிசின்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வெறும் வாந்தி பேதி என்று சொன்னால் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிடக்கூடும். நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் மருத்துவர் சொல்லும் வரை வார்டிலேயே இருங்கள்.

சித்த மருத்துவத்தில் இந்தக் கிழங்கு உண்டே என்று கேட்கலாம். உண்டு, முறையாகச் சுத்தி செய்து, படித்த மருத்துவர் அளந்து கொடுப்பது அது. பிரசவம் சீக்கிரம் ஆகட்டும் என்று அரைத்துப் பூசுவது, செல்போனில் பார்த்த வைத்தியத்தை வீட்டில் செய்து பார்ப்பது எல்லாம் உயிரோடு விளையாடுவது.

மாடியில் வளர்ப்பவர்களுக்கு நான் சொல்லும் ஏற்பாடு சின்னதுதான். காந்தளுக்கென்று ஒரு தொட்டி, அதன் மண் வேறு எதற்கும் போகக் கூடாது. தொட்டியின் மேல் பெயின்ட்டால் பெயரையும் விஷம் என்பதையும் எழுதுங்கள், பேனாவால் எழுதினால் ஒரு வெயிலில் அழிந்துவிடும். கிழங்கைத் தொட்டால் கையுறை. நண்பருக்குக் கிழங்கு கொடுப்பதானால் வாய் திறந்த காய்கறிப் பையில் போட்டுக் கொடுக்காதீர்கள். தொட்டியில் மண்ணோடு நட்டு, எழுதி, வீட்டில் சமைப்பவர் யாரோ அவரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டுக் கொடுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீடா? சில ஆண்டுகள் பொறுத்து வளர்க்கலாம், பூ எங்கேயும் போய்விடாது.

அந்த மூலனூர் வீட்டுக்கு அடுத்த ஆண்டும் போனேன். மூட்டைகள் கிணற்றடி மோட்டார் ரூமுக்குப் போயிருந்தன, கதவில் பூட்டு. தகரக் கதவில் சிவப்பு பெயின்ட்டால், கோணல் மாணலாக, "விசக் கெழங்கு. யாரும் தொடாதீங்க" என்று எழுதியிருந்தது. பேரன் எழுதியது என்றார்கள்.