விரிசல் விழாமலே செத்துப்போகும் மட்டை

கிரிக்கெட் மட்டையின் முகத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்துவிட்டால் பலருக்கு மனம் பதறிவிடுகிறது. அதே மட்டை வெளியே ஒரு கீறலும் இல்லாமல் பந்தைத் தள்ளும் வலுவை இழந்திருந்தால், மாதக்கணக்கில் கவனிக்காமலே ஆடுகிறோம். எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டிய அடி உள்ளேயே பிடிபட்டால் பழி முதலில் தோளுக்குப் போகிறது, அடுத்து ஆடுகளத்துக்கு. கண்ணுக்குத் தெரியும் சேதம் வேறு, ஆட்டத்தில் தெரியும் இழப்பு வேறு. ஏன் அப்படி என்பதை அறிய, பந்து படும் கணத்துக்குள் போக வேண்டும்.

பந்தும் மட்டையும் ஒன்றையொன்று தொட்டிருப்பது ஏறத்தாழ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் 160 கிராம் அளவுள்ள பந்து நசுங்கி, நின்று, மீண்டும் விரிந்து கிளம்பிவிடுகிறது. மட்டை முழுநீளத்துக்கும் வளைந்து அதிரும் அடிப்படை அதிர்வோ நொடிக்கு 100 முறை என்ற கணக்கை ஒட்டியது. அதில் ஒரு பாதி முடியவே 5 மில்லிநொடி ஆகும். எனவே வளைந்த மட்டை வில்லைப் போல நிமிர்ந்து பந்தை உந்தித் தள்ளும் என்று நம்புவதற்கு இடமில்லை. மட்டை நிமிர்வதற்குள் பந்து போய்விட்டது. வளைவில் இறங்கிய ஆற்றல் கைக்கு உதறலாகவும் காதுக்கு ஒலியாகவும் வந்து சேர்கிறது, மிச்சம் வெப்பமாகிறது.

மட்டையின் கீழ்நுனியிலிருந்து ஒரு சாண் உயரத்தை ஒட்டி, இந்த அதிர்வுகள் மிகக் குறைவாகக் கிளம்பும் பகுதி ஒன்று உண்டு. ஸ்வீட் ஸ்பாட் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அங்கே பட்டால் கையில் எதுவும் தெரியாது, பந்து மட்டும் பறக்கும்.

ஆகவே மட்டையைச் சந்தேகிக்கும் முன் இரண்டு காரியங்கள். முதலில் பந்தை மாற்றிப் பாருங்கள். மோதலில் வீணாகும் ஆற்றலில் பெரும்பகுதியை விழுங்குவது பந்துதான். நைந்துபோன பயிற்சிப் பந்தை எந்த மட்டையாலும் தூர அனுப்ப முடியாது. அடுத்து, மட்டையின் முகத்தில் உள்ள சிவப்புத் தடங்களைப் படியுங்கள். தடங்கள் நுனியிலும் ஓரத்திலும் குவிந்திருந்தால் மட்டைக்கு நோயில்லை. நடுக்கோட்டிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் விலகிப் பட்டாலே மட்டை கையில் திருகிக்கொள்ளும், அந்த அளவுக்குப் பந்தின் வேகமும் போகும்.

இனி மரத்துக்கு வருவோம். மட்டை செய்யப் பயன்படும் வில்லோ இயல்பில் மென்மையான, எடை குறைந்த மரம். அப்படியே அறுத்துச் செதுக்கி ஆடினால் பந்து அதில் குழி பறித்துவிடும். அதனால் மீரட்டிலும் ஜலந்தரிலும் உள்ள பட்டறைகளில் அந்தப் பலகையை உருளைகளுக்கு இடையே கொடுத்து அழுத்துகிறார்கள். மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு நார்கள் நெருங்கி இறுகுகின்றன. உள்ளே காற்று நிறைந்த மென்மரம் அப்படியே இருக்கிறது. வாங்கிய பின் மரச்சுத்தியலால் மணிக்கணக்கில் தட்டிப் பழக்குவது இதே வேலையின் தொடர்ச்சி. இறுகிய தோல், இளகிய உடல் என்ற இந்தச் சேர்க்கைதான் மட்டையின் துள்ளலுக்குக் காரணம். காஷ்மீர் வில்லோ பொதுவாக இங்கிலாந்து வில்லோவைவிட அடர்த்தி கூடியது; அதனால் அதே பருமனுக்கு எடை ஏறுகிறது.

ஆட ஆட இந்தச் சேர்க்கை கலைகிறது. ஒவ்வொரு பலத்த அடியிலும் மரத்தின் நுண்ணறைச் சுவர்களில் சில நொறுங்குகின்றன. தொடக்கத்தில் அது நல்லதுதான், ‘மட்டை பழகிவிட்டது’ என்று சொல்லும் பருவம் அது. ஆனால் நொறுங்குதல் ஓர் எல்லையைத் தாண்டியதும் நார்கள் அமுங்குமே தவிர மீளாது. பந்து கொண்டுவந்த ஆற்றல் மரத்தை நசுக்குவதிலேயே செலவாகிறது. செத்த மட்டை என்பது இதுதான். வெளியே விரிசல் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. முகத்தில் ஒட்டிய பாதுகாப்புத் தாள் எஞ்சிய அடையாளத்தையும் மறைத்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கட்டைவிரல் போதும். பந்து அநேகமாகப் படாத மேற்பகுதியில் முதலில் அழுத்துங்கள், பிறகு அடிபடும் இடத்தில் அழுத்துங்கள். மேலே விறைப்பாகவும் கீழே பஞ்சுபோலவும் இருந்தால் முடிவு தெரிந்துவிட்டது. இன்னொரு மட்டையோடு ஒப்பிடுவதைவிட அதே மட்டையின் இரு பகுதிகளை ஒப்பிடுவது நம்பகமானது, மரத்துக்கு மரம் குணம் மாறும் என்பதால். கடைகளில் பந்தை மட்டைமேல் தட்டித் தட்டி உயரே எழுப்பிக் காட்டுகிறார்களே, அந்த வித்தையில் எனக்கு நம்பிக்கை குறைவு. மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டி வரும் பந்து மரத்தை அழுத்தும் ஆழத்தை இந்த மெல்லிய தட்டல் எட்டுவதே இல்லை.

உள்விரிசலுக்குக் காதுதான் கருவி. சந்தையில் பானையைத் தட்டி வாங்குவது போலத்தான் இதுவும்: கைப்பிடியின் மேல்நுனியை இரு விரலால் தளர்வாகப் பிடித்து மட்டையைத் தொங்கவிட்டு, மரச்சுத்தியலால் முகத்தில் மெல்லத் தட்ட வேண்டும். நல்ல மரம் தெளிவாக ஒலித்துச் சற்று நீளும். விரிசல் இருந்தால் இரண்டு மாற்றங்கள் நேர்கின்றன. மரத்தின் விறைப்பு குறைவதால் ஒலி தாழ்கிறது. விரிசலின் இரு பக்கங்களும் உரசுவதால் அதிர்வு வெப்பமாகி ஒலி சட்டென்று அடங்குகிறது, சில நேரம் கரகரப்பும் சேரும். மட்டை புதிதாக இருக்கும்போதே அந்த ஒலியைக் கைபேசியில் பதிந்து, அதிர்வெண் காட்டும் செயலி ஒன்றில் உச்சம் எங்கே நிற்கிறது என்று குறித்துவைத்தால் பின்னாளில் ஊகத்துக்கு வேலை இருக்காது.

ஆனால் ஒலி மந்தமானால் உடனே விரிசல் என்று தீர்ப்பு எழுதவும் கூடாது. ஈரமும் இதே வேலையைச் செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் காற்றில் கிடக்கும் வில்லோ, கோடையில் இருந்ததைவிட அதிக நீரைப் பிடித்துவைத்திருக்கும். பலகையில் உலர்ந்த மரம் மட்டும் 800 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஈரப்பதம் 3 சதவீதம் ஏறியதும் எடை 24 கிராம் கூடிவிடுகிறது. சமையலறைத் தராசே இதைக் காட்டிக்கொடுக்கும். கைப்பிடி உறையை மாற்றாமலே எடை ஏறியிருந்தால், வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் சில வாரம் வைத்துவிட்டு மறுபடி தட்டிப் பார்க்கலாம். அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் மேற்பரப்பு மட்டும் சுருங்கி, இல்லாத விரிசலை நாமே உண்டாக்குவோம்.

ஈரத்தின் முதல் பலி நுனி. அங்கே நார்களின் வெட்டுவாய் திறந்திருக்கிறது; ஈரத் தரையில் மட்டையை ஊன்றி நிற்கும்போது நீர் அந்த வழியாக மேலேறி நுனி உப்பிப்போகும். ஆளிவிதை எண்ணெய் ஈரம் நுழைவதையும் வெளியேறுவதையும் மெதுவாக்கும். அளவு மீறினால் அதுவே எடையாகத் தங்கும். நுனியை எண்ணெயில் ஊறவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது, கைப்பிடி இணையும் இடத்தில் ஒரு சொட்டும் படக்கூடாது.

அந்த இணைப்பு தனிக்கதை. பிரம்புக் கைப்பிடி ஆப்பு வடிவில் பலகைக்குள் இறங்கி, பசையின் பலத்தில் நிற்கிறது. பசை விட்டால் லேசாகத் திருகும்போதே ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். கையில் பெரிதாக உறுத்தும் கோளாறு இது, பலரும் மட்டையே போய்விட்டதாக நினைப்பார்கள். ஆனால் இதைத் திறந்து ஒட்டலாம், கைப்பிடியையே மாற்றலாம். பலகைக்குப் பழுதில்லை.

விரிசல்களிலும் தரம் உண்டு. நார்வழியே ஓடும் மெல்லிய கோடுகளும், ஓரத்தில் பந்து பட்டு விழும் சிறு தழும்புகளும் வில்லோவுக்கு இயல்பு. ஆழமாகாத வரை அவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. காலடியில் வந்து குத்தும் யார்க்கர் பந்து நுனியில் பிளந்த நெடுங்கோட்டைப் பக்கவாட்டில் அழுத்திப் பார்க்க வேண்டும். வாய் திறந்து மூடினால் பசை செலுத்தி இறுக்கிக் கட்டியாக வேண்டும். நாருக்குக் குறுக்கே ஓடும் விரிசல்தான் அஞ்ச வேண்டியது. அது கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, முதுகுப்பக்கம் இருந்தால் அந்த மட்டையோடு ஆட்டத்துக்குப் போகாதீர்கள்.

ஒட்டுப்போடுவதற்கும் விதி உண்டு. கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்சிசி சங்கத்தின் சட்டப்படி பலகையின்மேல் பழுதுக்காக ஒட்டும் உறையின் தடிமன் 1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது; நுனியில் 3 மில்லிமீட்டர் வரை இடம் உண்டு. முதுகில் கிராஃபைட் பட்டை ஒட்டி ஆஸ்திரேலிய வீரர் ரிக்கி பாண்டிங் ஆடிய வகை மட்டை, விதிக்குப் பொருந்தாது என்று எம்சிசி சொன்ன பின் 2006-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. மெல்லிய இழைநாடாவும் பசையும் விரிசலைப் பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான். முகம் நைந்த மட்டைமேல் எத்தனை சுற்று சுற்றினாலும் நொறுங்கிய நுண்ணறைகள் எழுந்து நிற்பதில்லை. அதை வலைப்பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, அடுத்த மட்டையைத் தட்டிப் பழக்கத் தொடங்கலாம்.