பயிற்சியாளர் மாறியதும் தேசிய அணி மீள்வது ஏன்?

2023 செப்டம்பர் 9 அன்று வோல்ஃப்ஸ்பர்க் மைதானத்தில் ஜெர்மனி கால்பந்து அணி ஜப்பானிடம் 1–4 என்ற கணக்கில் தோற்றது. மறுநாளே தலைமைப் பயிற்சியாளர் ஹான்சி ஃபிளிக் நீக்கப்பட்டார். அந்த அணியின் வரலாற்றில் பதவிநீக்கம் செய்யப்பட்ட முதல் பயிற்சியாளர் அவர்தான். அடுத்த இரண்டு நாட்களில், ஃபிளிக் தேர்ந்தெடுத்து வைத்திருந்த வீரர்களையே பெரும்பாலும் கொண்டு, இடைக்காலப் பொறுப்பேற்ற ரூடி ஃபோலரின் கீழ் ஜெர்மனி பிரான்ஸை 2–1 என்று வென்றது. முந்தைய ஆண்டு உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை சென்ற அணி பிரான்ஸ். ஆகவே, ஆளை மாற்றினார்கள், அணி எழுந்துவிட்டது என்று ரசிகர்கள் நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் இரண்டு நாளில் ஒரு பயிற்சியாளர் ஓர் அணிக்குள் எதைத்தான் மாற்றிவிட முடியும்? இந்தக் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி நிகழ்தகவுக் கணிதத்தில் இருக்கிறது.

கால்பந்தில் கோல் என்பது அரிதான நிகழ்வு. 2022 உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களில் அடிக்கப்பட்ட கோல்கள் 172. அதாவது, இரு அணிகளையும் சேர்த்தே ஓர் ஆட்டத்துக்கு மூன்று கோல்கூட இல்லை. அரிதாகவும் ஏறத்தாழ ஒன்றையொன்று சாராமலும் நடக்கும் நிகழ்வுகளை விவரிக்கப் புள்ளியியலாளர்கள் பாய்சான் பரவலைப் பயன்படுத்துவார்கள். கால்பந்தின் கோல் எண்ணிக்கை அதற்கு வியக்கத்தக்க அளவில் பொருந்துகிறது. சராசரியாக 1.5 கோல் அடிக்கக்கூடிய ஓர் அணி, சராசரியாக 1 கோல் அடிக்கக்கூடிய எதிரணியுடன் மோதுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டில் எது வலிமையான அணி என்பதில் ஐயமே இல்லை. ஆயினும், பாய்சான் பரவலின்படி கணக்கிட்டால், வலிமையான அணி வெல்லும் வாய்ப்பு சுமார் 49 விழுக்காடுதான். டிராவில் முடியும் வாய்ப்பு 26, தோற்கும் வாய்ப்பு 25. நான்கில் ஒரு முறை அது தன்னைவிட வலிமை குறைந்த அணியிடம் தோற்கும். அதற்குத் தனியாக ஒரு காரணம் தேவையில்லை.

இந்தக் கணக்கைத் தொடர் ஆட்டங்களுக்கு நீட்டிப் பார்க்கும்போதுதான் அதன் முழுப் பொருள் புலப்படும். ஒரு தேசிய அணி ஓராண்டில் ஆடுவது ஏறத்தாழ பத்து ஆட்டங்கள். மேற்சொன்ன அணி, திறமையில் எந்தக் குறைவும் நேராமல், அதே போன்ற எதிரணிகளுடன் பத்து ஆட்டங்கள் ஆடினால், அவற்றுக்குள் எங்காவது அடுத்தடுத்து நான்கு ஆட்டங்களில் வெற்றியே இல்லாமல் போகும் வாய்ப்பு சுமார் 26 விழுக்காடு. நான்கு ஆட்டங்கள் வெற்றியின்றிக் கழிந்தால், ஆட்டங்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளையும் சேர்த்து, ரசிகர்களைப் பொறுத்தவரை அது பல மாத வறட்சி. செய்தித்தாள்கள் எழுதத் தொடங்கும், முன்னாள் வீரர்கள் கருத்துச் சொல்வார்கள், சங்க நிர்வாகிகள் கூடுவார்கள். இப்போது பயிற்சியாளரை நீக்கிவிட்டு இன்னொருவரை அமர்த்துகிறார்கள் என்று கொள்வோம். அணியில் எதுவுமே மாறாவிட்டாலும், புதியவரின் முதல் இரண்டு ஆட்டங்களில் குறைந்தது ஒரு வெற்றியாவது கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 74 விழுக்காடு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இதுதான். பழம் விழும் பருவத்தில் காக்கை வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதற்குப் புள்ளியியலில் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியில் பெற்றோர் அளவுக்கு உயரமாக இருப்பதில்லை என்பதை ஆங்கிலேய அறிஞர் ஃபிரான்சிஸ் கால்ட்டன் 1886இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். திறனும் தற்செயலும் கலந்த எந்த அளவீட்டிலும், மிகத் தாழ்ந்த நிலையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அடுத்த அளவீட்டைப் பார்த்தால், அது மேலே ஏறியிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பயிற்சியாளர்களோ அணி மிகத் தாழ்ந்து கிடக்கும் தருணத்தில்தான் நீக்கப்படுகிறார்கள். எனவே, நீக்கத்துக்கு முந்தைய ஆட்டங்களையும் பிந்தைய ஆட்டங்களையும் நேராக ஒப்பிடும் எவருக்கும், மாற்றம் பலனளித்ததாகவே தோன்றும்.

இந்த மாயையைக் களைய ஒரு வழி உண்டு: இதே போன்ற சரிவைச் சந்தித்தும் பயிற்சியாளரை மாற்றாத அணிகளோடு ஒப்பிடுவது. நெதர்லாந்தின் முதல்நிலை லீக்கில் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் இதைச் செய்து பார்த்தார். பயிற்சியாளரை மாற்றிய கிளப்கள் மீண்டது உண்மை. ஆனால் மாற்றாத கிளப்களும் அதே போல மீண்டிருந்தன. தேசிய அணிகளுக்கு இத்தகைய ஒப்பீட்டைச் செய்வது மிகக் கடினம், ஏனெனில் அவை ஆடும் ஆட்டங்கள் குறைவு, எதிரணிகளின் தரமோ ஆட்டத்துக்கு ஆட்டம் பெரிதும் வேறுபடுகிறது.

எதிரணியின் தரம் என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஃபிளிக் 2021இல் பொறுப்பேற்றபோது முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். அது ஜெர்மனி பயிற்சியாளர் எவரும் செய்யாத சாதனை. ஆனால் அந்த எட்டு ஆட்டங்களின் எதிரணிகள் லீக்டன்ஸ்டைன், ஆர்மீனியா, ஐஸ்லாந்து, ருமேனியா, வட மாசிடோனியா, இஸ்ரேல் ஆகியவை. லீக்டன்ஸ்டைனும் ஆர்மீனியாவும் இருமுறை வந்தன. அவற்றில் ஓர் ஆட்டத்தில் லீக்டன்ஸ்டைனுக்கு எதிராக ஒன்பது கோல்கள் விழுந்தன. இந்த வெற்றிகளுக்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்பதற்குத்தான், ஹங்கேரியில் பிறந்த அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் அர்பாத் ஈலோ சதுரங்கத்துக்காக வகுத்த தரமதிப்பீட்டு முறை உதவுகிறது. ஃபிஃபா 2018 ஆகஸ்ட் முதல் இதை அடிப்படையாகக் கொண்டே அணிகளைத் தரவரிசைப்படுத்துகிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால், இரு அணிகளின் புள்ளி வேறுபாட்டைக் கொண்டு எதிர்பார்க்கப்படும் முடிவு ஒன்று கணக்கிடப்படுகிறது. வெற்றிக்கு 1, டிராவுக்கு 0.5, தோல்விக்கு 0 என்ற அளவில் உண்மையான முடிவுக்கும் அந்த எதிர்பார்ப்புக்கும் உள்ள இடைவெளிதான் அணியின் புள்ளிகளைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. எதிரணியைவிட 600 புள்ளிகள் முன்னிலையில் இருக்கும் அணியின் எதிர்பார்ப்பு 0.91, வென்றாலும் அதற்குக் கிடைப்பது மிகச் சொற்பம். 100 புள்ளிகள் முன்னிலை என்றால் எதிர்பார்ப்பு 0.59, அது தோற்றால், தேசிய ஆட்டங்களுக்கென ஃபிஃபா ஒதுக்கும் அட்டவணைக் காலத்தில் நடக்கும் நட்பு ஆட்டத்தில் சுமார் 6 புள்ளிகளும், உலகக் கோப்பைப் பிரிவுச் சுற்றில் சுமார் 30 புள்ளிகளும் இழக்கும். இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், ஃபிளிக்கின் எட்டு வெற்றிகள் சாதனைப் பட்டியலில் தெரியும் அளவுக்குப் பெரியவை அல்ல.

சரி, அப்படியானால் 2023இல் ஜெர்மனியின் சரிவும் வெறும் தற்செயல்தானா? அதே ஜப்பானோடு ஜெர்மனி கண்ட இரண்டு தோல்விகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன்தரும். 2022 உலகக் கோப்பையில் ஜெர்மனி 1–2 என்று தோற்ற ஆட்டத்தில், அது இருபதுக்கும் மேற்பட்ட முறை கோலை நோக்கி அடித்தது. 75ஆவது நிமிடம் வரை முன்னிலையில் இருந்தது. கோல் எண்ணிக்கையைவிட, உருவான வாய்ப்புகளின் தரத்தை அளப்பது ஆட்டத்தை நன்கு புரியவைக்கும் என்பதால், ஆய்வாளர்கள் ஒவ்வோர் அடிக்கும் அது கோலாகும் வாய்ப்பை மதிப்பிடுகிறார்கள். பெனால்டி என்றால் நான்கில் மூன்றுக்குச் சற்று மேல், கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து அடிக்கும் பெரும்பாலான அடிகளுக்கு மிகக் குறைவு. இந்த மதிப்புகளின் கூட்டுத்தொகையே எதிர்பார்ப்புக் கோல், அதாவது எக்ஸ்ஜி. அந்த அளவில் 2022இல் ஜெர்மனி தெளிவாக முன்னே இருந்தது. அந்தத் தோல்வியில் தற்செயலின் பங்கு பெரிது. 2023 செப்டம்பர் தோல்வி அத்தகையது அல்ல. ஜப்பானின் கடைசி இரண்டு கோல்கள் 90ஆவது நிமிடத்திலும் அதற்குப் பிறகும் விழுந்தவை என்பதால் 1–4 என்ற எண்ணிக்கை சற்று மிகைதான். ஆனால் அதற்கு முன்பே ஆட்டம் ஜப்பானின் கையில் இருந்தது. மேலும், அந்த ஆண்டில் பெல்ஜியம், போலந்து, கொலம்பியா ஆகிய அணிகளிடம் தோல்வி, உக்ரைனுடன் 3–3 டிரா என்று நான்கு ஆட்டங்கள் அதற்கு முன்னரே வெற்றியின்றி வரிசையாகக் கழிந்திருந்தன. சரிவு உண்மையானதே என்பது என் கருத்து. அது உண்மை என்பதாலேயே பிரான்ஸுக்கு எதிரான ஒற்றை வெற்றி எதையும் தீர்த்துவிடவில்லை.

அடுத்து நடந்தது அதைக் காட்டுகிறது. நிரந்தரப் பொறுப்புக்கு வந்த யூலியான் நாகெல்ஸ்மன் தன் முதல் ஆட்டத்தில் அமெரிக்காவை 3–1 என்று வென்றார். மெக்சிகோவுடன் 2–2 டிரா. நவம்பரில் துருக்கியிடம் 2–3, ஆஸ்திரியாவிடம் 0–2 எனத் தோல்வி. ஆள் மாறிய சில வாரங்களிலேயே அணி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. தேசிய அணிப் பயிற்சியாளரின் கையில் இருக்கும் நேரத்தை எண்ணிப் பார்த்தால் இது புரியும். கிளப்கள் வீரர்களை விடுவிக்கும் வழக்கமான அட்டவணைக் காலம் ஒன்பது நாட்கள்; அதற்குள் இரண்டு ஆட்டங்கள், பயணம், ஓய்வு எல்லாம் அடக்கம். முழு வேகத்தில் பயிற்சி செய்யக் கிடைப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய அமர்வுகள்தான். கிளப் பயிற்சியாளர் வாரந்தோறும் திருத்தித் திருத்திக் கட்டும் ஒருங்கிணைப்பை இங்கே கட்ட நேரமே கிடையாது. ஆகவே தேசிய அணிப் பயிற்சியாளரின் உண்மையான கருவி பயிற்சி மைதானம் அல்ல, வீரர் தேர்வு.

2024 மார்ச்சில் நாகெல்ஸ்மன் அந்தக் கருவியைத்தான் எடுத்தார். 2021இல் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த டோனி குரோஸைத் திரும்ப அழைத்தார்; அவருக்குப் பக்கத்தில் பந்தைப் பறிக்கும் வேலைக்கு ராபர்ட் ஆண்ட்ரிஷை நிறுத்தினார்; நடுக்கள வீரர் யோசுவா கிம்மிஷை வலப்புறத் தடுப்புக்கு நகர்த்தினார்; இடப்புறத்துக்கு, அந்தப் பருவத்தில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஸ்டுட்கார்ட் கிளப்பிலிருந்து மாக்சிமிலியான் மிட்டல்ஷ்டெட்டைக் கொண்டுவந்தார். லியோனில் பிரான்ஸுக்கு எதிரான ஆட்டம் தொடங்கியதும் பந்து பின்னே குரோஸிடம் வந்தது. அவர் அதை முன்னே நெடுந்தொலைவு அனுப்ப, ஃப்ளோரியான் விர்ட்ஸ் ஓடி எடுத்து பெட்டிக்கு வெளியிலிருந்தே வலைக்குள் அடித்தார். எட்டு நொடிகூட ஆகியிருக்கவில்லை. ஜெர்மனி தேசிய அணியின் மிக விரைவான கோல் அது. ஆட்டம் 2–0 என முடிந்தது. மூன்று நாள் கழித்து நெதர்லாந்தையும் 2–1 என வென்றார்கள். இந்த இரண்டு ஆட்டங்களும் சிறு மாதிரிதான் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் இங்கே வெற்றிக்குப் பின்னால் விளக்கத்தக்க ஒரு இயக்கம் இருந்தது: யார் பந்தைக் கொண்டுவருவது, யார் பாதுகாப்பது என்ற வேலைப் பிரிவினை மாறியிருந்தது.

தேர்வில் இன்னொரு வழி, ஏற்கெனவே ஒன்றாக ஆடிப் பழகியவர்களை மொத்தமாக எடுப்பது. 2010 உலகக் கோப்பை இறுதியில் ஸ்பெயினின் தொடக்கப் பதினொருவரில் பார்சிலோனாவில் ஆடி வந்தவர்கள் ஆறு பேர். 2014 இறுதியில் ஜெர்மனியின் பதினொருவரில் பயர்ன் மியூனிக் வீரர்களும் ஆறு பேர். கிளப் செலவழித்த ஆண்டுக்கணக்கான பயிற்சி நேரத்தை தேசிய அணி இவ்வாறு இரவல் பெற்றுக்கொள்கிறது. இதற்கு நேர்மாறாக, கடைசி நான்கைந்து ஆட்டங்களில் கோல் அடித்தார் என்பதற்காக ஒரு முன்கள வீரரை அழைப்பது, அணிக்கு நடக்கும் அதே தவறைத் தனிவீரரிடம் செய்வதாகும்; உச்சத்தில் இருப்பவரைத் தேர்ந்தெடுத்தால், அடுத்து அவர் சராசரியை நோக்கி இறங்குவதையே பெரும்பாலும் பார்ப்போம்.

காயங்களும் இதே கணக்கில் சேரும். 2024 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையை நடத்திய ஐவரி கோஸ்ட், பிரிவுச் சுற்றில் ஈக்வடோரியல் கினியிடம் 0–4 என்று தோற்றதும் அதன் பயிற்சியாளர் ஜான் லூயி காசே நீக்கப்பட்டார். உதவியாளர் எமெர்ஸ் ஃபாயே பொறுப்பேற்று, கோப்பையையே வென்றார். இதைவிடப் பெரிய ‘மாற்றத்தின் விளைவு’ உதாரணம் கிடைப்பது அரிது. ஆனால், காயத்தால் பிரிவுச் சுற்றில் ஆடாதிருந்த செபாஸ்டியான் ஹாலரும் சிமோன் அடிங்ராவும் வெளியேற்றச் சுற்றில்தான் திரும்பினார்கள். அரையிறுதியிலும் இறுதியிலும் வெற்றி கோல் ஹாலருடையது. இறுதியில் இரு கோல்களுக்கும் பந்தை அளித்தவர் அடிங்ரா. அதோடு, மொராக்கோ ஜாம்பியாவை வென்றதால்தான் ஐவரி கோஸ்ட் அடுத்த சுற்றுக்கே தகுதி பெற்றது. செனகலை அது வென்றதும் பெனால்டி உதைகளில்தான். ஃபாயேயின் திறமையை இது குறைக்காது. அவருடைய பங்கை மட்டும் பிரித்தெடுத்து அளக்க நம்மிடம் வழியில்லை.

ஒரு தேசியக் கால்பந்து சங்கத்தின் சிக்கல் இங்கேதான். எதிரணியின் தரம், எக்ஸ்ஜி, காயத்தால் வெளியே இருந்தவர்கள் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நம்பத்தக்க முடிவுக்கு வர குறைந்தது இருபது ஆட்டங்களாவது வேண்டும் என்று நான் கருதுகிறேன். அது இரண்டு ஆண்டுகள். அதற்குள் ஒரு பெரிய போட்டித் தொடர் வந்துவிடும். ஆதலால் போதிய தரவு சேர்வதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டிய நிலை அவர்களுக்கு எப்போதும் இருக்கும். அந்த நிலையில் அவர்கள் பயிற்சியாளரிடம் கடைசி நான்கு ஆட்டங்களின் முடிவைக் கேட்பதைவிட, அடுத்த பட்டியலில் யாரை எடுப்பார், எவரை எந்த வேலைக்கு நிறுத்துவார், ஏன் என்று கேட்பது பயனுள்ளது. ஒரு பயிற்சியாளர் உண்மையில் மாற்றக்கூடியது அதுதான், அதை ஆட்டம் தொடங்கும் முன்பே ஆராய்ந்து பார்க்கவும் முடியும்.