நாற்பது மீட்டர் ஆழமும் ஐம்பத்தைந்து வயதும்

சேலத்துக்குக் கடல் கிடையாது. இருந்தும், விடுமுறைக் காலம் நெருங்கினால் மருத்துவரான என் மேசைக்கு, முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகும் ஸ்கூபா முக்குளிப்புக்கான உடற்தகுதிப் படிவங்கள் வந்துவிடுகின்றன. புதுச்சேரி, அந்தமான், மாலத்தீவு என்று ஊர்கள் மாறும். கொண்டுவருபவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் வேலைக்குப் போயாயிற்று, வீட்டுக்கடன் முடிந்தாயிற்று, இப்போதுதான் தமக்கென்று ஓர் ஆசை. அந்த ஆசையில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. பஸ் ஏறும் அன்று மாலை ஓடிவந்து, "கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள் டாக்டர்" என்று கேட்பதுதான் எரிச்சலைத் தருகிறது.

எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே: எந்த வயது வரை போகலாம்? பெரிய பயிற்சி அமைப்புகள் குறைந்தபட்ச வயதாகப் பத்தை வைத்திருக்கின்றன. மேல் வரம்பு எதுவும் வைக்கவில்லை. உலகெங்கும் பயன்படும் மருத்துவப் படிவம் 45 வயதை ஒரு கோடாகப் போட்டிருக்கிறது. அந்த வயதைக் கடந்தவருக்குப் புகைப்பழக்கமோ, உயர் இரத்த அழுத்தமோ, இரத்தத்தில் அதிகக் கொழுப்போ, குடும்பத்தில் இளவயது மாரடைப்போ இருந்தால் மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வயது மட்டும் யாரையும் கரையில் நிறுத்துவதில்லை. நான் திருப்பிக் கேட்பது வேறு: கடலுக்கடியில் எல்லாம் கெட்டுப்போகும் ஐந்து நிமிடங்களுக்கு உங்கள் உடம்பில் கையிருப்பு இருக்கிறதா?

சாதாரண முக்குளிப்பு ஒரு சோம்பலான காரியம். பவளப்பாறை ஓரமாக மெல்லத் துடுப்பசைத்துப் போய்வரலாம். சிக்கல் வருவது திடீரென்று நீரோட்டம் இழுக்கும்போது, கூட வந்தவரின் சிலிண்டரில் காற்று தீரும்போது, அலையில் ஆடும் படகின் ஏணியில் இருபது கிலோ சுமையுடன் ஏறும்போது. உடலுழைப்பை மருத்துவத்தில் 'மெட்' என்ற அலகால் அளக்கிறோம். சும்மா உட்கார்ந்திருப்பது ஒரு மெட். வேகமாக நடப்பது ஏறக்குறைய நான்கு. நெருக்கடியைச் சமாளிக்க முக்குளிப்பவருக்குப் பத்து மெட் திறன் இருப்பது நல்லது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும் வழக்கமான புரூஸ் முறை ட்ரெட்மில் சோதனையில் ஒன்பது நிமிடம் தாக்குப்பிடித்தால் அந்த அளவைத் தொட்டுவிடலாம்.

வெள்ளிப் பட்டறை நடத்தும் ஒருவர் வந்தார். வயது 58. தினமும் காலையில் காந்தி ஸ்டேடியத்தில் நடப்பவர், நல்ல தெம்பு. ட்ரெட்மில்லில் ஆறாவது நிமிடத்தில் மூச்சு வாங்கி, கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். அதாவது ஏழு மெட். நடைப்பயிற்சி நல்ல பழக்கம்தான். ஆனால் நடப்பவருக்கு நடக்கும் திறன்தான் வளர்ந்திருக்கும். அவர் முப்பது மீட்டர் ஆழத்தில் கிடக்கும் ஒரு கப்பலைப் பார்க்க முன்பதிவு செய்திருந்தார். இதயத்தில் அடைப்பு இல்லை என்று உறுதி செய்தபின், அந்த ஆண்டு பன்னிரண்டு மீட்டருக்குள், நீரோட்டம் இல்லாத இடத்தில், பயிற்றுநர் பக்கத்திலேயே இருக்கும்படி போய்வரச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. போய்வந்து எனக்கு அனுப்பிய படங்களில் அந்தச் சுருக்கம் இல்லை. வெளிச்சமும் நிறமும் ஆழம் குறைந்த இடத்தில்தான் அதிகம் என்பதை ஆழத்தை வைத்துப் பெருமை பேசுபவர்கள் சொல்வதில்லை.

அதிகம் பேசப்படாத ஓர் ஆபத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உடல் முழுவதும் நீரில் இறங்கியதும் கால்களில் தங்கியிருந்த இரத்தத்தில் அரை லிட்டருக்கும் மேல் மார்புப் பகுதிக்கு நகர்கிறது. இறங்கிய சிறிது நேரத்தில் சிறுநீர் முட்டுவது இதனால்தான். இளம் இதயம் இந்தக் கூடுதல் பாரத்தை அலட்டிக்கொள்ளாமல் ஏற்றுக்கொள்ளும். ஐம்பதைத் தாண்டியவருக்கு, அதிலும் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவருக்கு, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும். கடலுக்கு அடியிலேயே மூச்சுத்திணறல், இருமல், சில நேரம் இளஞ்சிவப்பு நுரை. கடல்நீரை விழுங்கிவிட்டோம், சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். கரையேறி ஆக்சிஜன் கொடுத்ததும் பெரும்பாலும் தெளிந்துவிடுவதால், மறுநாள் மீண்டும் இறங்கத் தோன்றும். இறங்கக் கூடாது. ஒருமுறை வந்தவருக்கு மறுமுறையும் வரலாம். முதலில் இதயத்தைப் பரிசோதித்தாக வேண்டும். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் உழைப்புக்கேற்ப இதயம் வேகமெடுப்பதைத் தடுக்கும். அவற்றை எடுப்பவர்கள் மருத்துவரிடம் முக்குளிப்பைப் பற்றிச் சொல்லி மாற்று மருந்து உண்டா என்று கேட்கலாம். கடலுக்குப் போகிறோமென்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவது முட்டாள்தனம்.

வெள்ளெழுத்தையும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. செய்தித்தாளைக் கையை நீட்டிப் படிப்பவர், மங்கிய ஒளியில் காற்றளவு காட்டும் மானியை எப்படிப் படிப்பார்? முகக்கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் படிக்கும் பவர் வைத்துத் தருகிறார்கள். சிறிய செலவுதான்.

இனித் திறமை. 'அட்வான்ஸ்டு' என்ற சொல் பலரை மயக்கியிருக்கிறது. அடிப்படைப் பயிற்சியில் கடலில் நான்கு முறை, அதையடுத்து அட்வான்ஸ்டு வகுப்பில் ஐந்து முறை. ஆக ஒன்பதே முறை கடலில் இறங்கிய ஒருவர் கையில் முப்பது மீட்டர் வரை செல்ல அனுமதிக்கும் தகுதி அட்டை இருக்கலாம். அந்த அட்டைக்குக் காலாவதித் தேதியும் இல்லை. கைப்பழக்கத்துக்கு உண்டு. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு பெற்ற அட்டையை நீட்டி, "நான் அட்வான்ஸ்டு" என்பவரிடம், முகக்கண்ணாடிக்குள் புகுந்த நீரைக் கடைசியாக எப்போது வெளியேற்றினீர்கள் என்று கேளுங்கள். நீச்சல்குளத்தில் அரைநாள் மறுபயிற்சி எடுக்காமல் அவர் ஆழத்துக்குப் போகக் கூடாது.

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்பதை நம் மாவட்டத்தில் சிறுபிள்ளையும் சொல்லும். பொழுதுபோக்கு முக்குளிப்பின் கடைசி எல்லையான 40 மீட்டர் அதைவிடப் பத்தடிக்கு மேல் அதிகம். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பில் உள்ள ஒன்றையும் சேர்த்தால் முப்பது மீட்டரில் நான்கு மடங்கு அழுத்தம். ஒவ்வொரு மூச்சுக்கும் நான்கு மடங்கு காற்று செலவாகும். வழக்கமான அலுமினிய சிலிண்டரில் சுமார் 2,200 லிட்டர் காற்று இருக்கும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு முப்பது மீட்டரில் அது மொத்தமே 27 நிமிடம். பதறி இரண்டு மடங்கு வேகமாக மூச்சிழுத்தால் பதினான்கு நிமிடம்கூட வராது. அதில் மேலேறவும், உடலில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கவும், துணைவருக்குப் பங்கு கொடுக்கவும் மிச்சம் வைக்க வேண்டும். அந்த ஆழத்தில் நைட்ரஜன் மூளையையும் மந்தமாக்கும். கணக்குப் போட வேண்டிய இடத்தில் கணக்கு வராது.

நம் பக்கத்தில் இன்னொரு தன்னம்பிக்கை உண்டு: "கிணற்றில் குதித்து நீந்திப் பழகியவன் நான்." கிணற்று நீச்சல்காரர் நீருக்குள் போனால் மூச்சை அடக்குவார். அது அவருடைய பல்லாண்டுப் பழக்கம். சிலிண்டர் காற்றைச் சுவாசித்தவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறினால், ஒன்றிரண்டு மீட்டர் ஏற்றத்திலேயே நுரையீரல் விரிந்து கிழியலாம். பயம் வந்தால் பழைய பழக்கமே முந்திக்கொள்ளும். ஆகவே கிணற்று வீரர்களைத்தான் நான் கூடுதலாகப் பயிற்சி எடுக்கச் சொல்கிறேன்.

கடைசியாக நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். புதுச்சேரியில் ஞாயிறு காலை இரண்டு முறை முக்குளித்துவிட்டு, உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகக் காரில் திரும்பி, மாலையே இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காட்டில் தங்கத் திட்டமிடுகிறார்கள். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. ஆழத்தின் அழுத்தத்தில் சுவாசித்த காற்றிலிருந்து இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகக் கிளம்ப இது போதும். முக்குளித்தபின் விமானம் ஏறுவதற்குச் சொல்லப்படும் இடைவெளி மலையேற்றத்துக்கும் பொருந்தும்: ஒரே ஒருமுறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை என்றால் 18 மணி நேரம். ஐம்பதைக் கடந்தவர்களிடம் நான் ஒருநாள் முழுவதும் என்கிறேன். ஏற்காட்டை முதலிலும் கடலைப் பிறகும் வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

திரும்பிய இரவோ மறுநாளோ தோள்மூட்டிலோ முழங்காலிலோ வலி, மரத்துப்போதல், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான களைப்பு தோன்றினால், அது அந்தக் குமிழிகளின் வேலையாக இருக்கலாம்; கார் ஓட்டிய அலுப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடாதீர்கள். மலையில் இருந்தால் உடனே கீழே இறங்கி, ஆக்சிஜன் கிடைக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் முக்குளித்த நாள், ஆழம், எத்தனை முறை என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். சேலத்தில் அவசரப் பிரிவு மருத்துவர் எவரும் உங்களைப் பார்த்து, "கடலுக்கடியில் போய்வந்தீர்களா?" என்று கேட்கப்போவதில்லை.