ஆன்லைன் கேமில் பிள்ளை ஏன் கத்துகிறான்?

"ஹெட்போனை மாட்டினால் என் பையன் வேறு ஆளாகிவிடுகிறான். வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வருகிறது." நான் கேம் டிசைனர் என்று தெரிந்ததும் பெற்றோர் பெரும்பாலும் சொல்வது இதுதான். பையனைத் திட்டுவதற்கு முன் அந்த கேமைக் கொஞ்சம் பாருங்கள் என்பேன். ஆடுபவர் எப்படி நடந்துகொள்வார் என்பதில் பெரும்பங்கு நாங்கள் வைக்கும் விதிகளிலேயே முடிவாகிவிடுகிறது.

2012-ல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த 'ஜர்னி' என்ற கேமைப் பாருங்கள். பாலைவனத்தில் நடந்துகொண்டிருக்கும்போது, இணையம் வழியாக முன்பின் தெரியாத ஒருவர் கூடச் சேர்ந்துகொள்வார். ஆரம்பகட்டச் சோதனை வடிவத்தில் ஒருவரையொருவர் மோதலாம், தள்ளலாம். தடை வந்தால் தள்ளிவிட்டு உதவட்டும் என்ற எண்ணம்தான். ஆடியவர்களோ கூட வந்தவரைப் பள்ளத்தில் தள்ளி ரசித்தார்கள். இயக்குநர் ஜெனோவா சென் மனம் நொந்து ஒரு குழந்தை உளவியலாளரிடம் போனார். புது உலகத்துக்குள் நுழைபவர்கள் குழந்தை மாதிரி, எதைச் செய்தால் பெரிய எதிர்வினை கிடைக்கிறதோ அதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள் என்று பதில் வந்தது. குழு மோதலையே எடுத்துவிட்டது. இருவரும் ஒட்டி நின்றால் கழுத்துத் துணி ஒளிர்ந்து, பறக்கும் சக்தி நிரம்பும் என்று வைத்தது. பேச வழியில்லை, இசைபோல ஒரு குரல் மட்டும் எழுப்பலாம். கூட வந்தவர் பெயர்கூட ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரியும். அப்புறம் தள்ளிவிடப் பார்த்த கூட்டம் பக்கத்தில் வந்து நின்றது.

இரண்டு அணிகள் மோதும் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' கேமில் செய்தது இன்னும் எளிது. எதிரணியுடன் எழுத்தில் பேசும் 'சாட்' வசதியைத் தொடக்கத்திலேயே அணைத்து வைத்தார்கள். வேண்டுமென்றால் செட்டிங்ஸில் போய்த் திறந்துகொள்ளலாம். நிறையப் பேர் திறந்தார்கள், ஆனாலும் வசவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இதைப் பார்த்த பிறகும் முன்பின் தெரியாதவர்களுக்கு வாய்ஸ் சாட்டைத் திறந்தே வைத்து கேம் வெளியிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மோசமாக நடப்பவரைப் புகார் செய்யும் 'ரிப்போர்ட்', அவரைத் தடைசெய்யும் 'பேன்' எல்லாம் வேண்டியதுதான். ஆனால் அவை வருவது ஒரு பிள்ளை அழுத பிறகு.

புதிதாக வருபவரை 'நூப்' என்று விரட்டுவது பல கேம்களில் வழக்கம். 'ஃபைனல் ஃபேன்டஸி 14'-ல் ஒரு டஞ்சனுக்கு (குழுவாகச் சேர்ந்து எதிரிகளை வெல்ல வேண்டிய கட்டம்) முதல்முறை வருபவர் குழுவில் இருந்தால், எல்லோருக்கும் கூடுதல் பரிசு. அதனால் அவர் வந்ததில் மற்றவர்களுக்கும் லாபம்.

சரி, வீட்டில் என்ன செய்வது? ஒரு மேட்ச் முழுக்கப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். முடிவில் வரும் திரையில் கில் எண்ணிக்கை மட்டும்தான் பெரிதாகத் தெரிகிறதா, விழுந்த கூட்டாளியை எழுப்பியதற்கும் ஏதாவது உண்டா என்று பாருங்கள். வாய்ஸ் சாட்டை நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். பேசாவிட்டால் டீம் தோற்றுவிடும் என்பார்கள். 2019-ல் வந்த 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' அதற்கும் வழி காட்டியது. எதிரி எங்கே, துப்பாக்கி எங்கே, எந்தப் பக்கம் போகலாம் என்பதையெல்லாம் ஒரு பட்டனை அழுத்தி 'பிங்' செய்தே, அதாவது அந்த இடத்தைக் குறித்துக் காட்டியே, சொல்லிவிடலாம். குரலை வைத்து அடையாளம் கண்டு வம்பிழுப்பார்கள் என்று மைக்கைத் தொடவே தயங்கும் பெண் பிள்ளைகள், இப்படி வாய் திறக்காமலே டீமை வழிநடத்தலாம்.