கார்டினல் மீன்: ஒரு குடுமியும் இல்லாத தாடியும்

மதுரையில் வண்ணமீன் கடைக்குப் போய் ‘கார்டினல் இருக்கா’ என்று கேட்டால், நீலக்கோடும் சிவப்பு வயிறுமாக மின்னும் டெட்ரா மீனைத்தான் காட்டுவார்கள். அது தென் அமெரிக்க ஆற்று மீன். இங்கே பேசப்போவது கடலில் இருக்கும் இன்னொரு கார்டினலைப் பற்றி. வெப்பக் கடல்களின் பவளத்திட்டுகளில் குடியிருந்து, ராத்திரியில் இரை தேடும் மீன் அது. மன்னார் வளைகுடாவிலும் உண்டு. ஆனால் பெரும்பாலும் விரல் நீளம்தான் என்பதால் குழம்புக்கு ஆகாது; மதுரை மீன் சந்தையில் தேட வேண்டாம்.

சொல்லுக்கு வருவோம். லத்தீனில் ‘கார்டோ’ என்றால் கதவு சுழலும் அச்சு. மதுரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் கதவின் மேலும் கீழும் முளைபோல ஒன்று நீண்டு, குழிக்குள் உட்கார்ந்து சுழலுமே, கதவுக்குடுமி, அதேதான். எது அசைந்தால் எல்லாம் அசையுமோ அது ‘கார்டினல்’, அதாவது முதன்மையானது. கத்தோலிக்கத் திருச்சபை தன் பெரிய பதவி ஒன்றுக்கு இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. தமிழில் கர்தினால் என்கிறோம். அவர்கள் உடுத்துவது செவ்வங்கி. அங்கியிலிருந்து சொல் நிறத்துக்குத் தாவியது. நிறத்திலிருந்து ஒரு பறவைக்கும், அப்புறம் இந்த மீனுக்கும் வந்தது. இந்தக் குடும்பத்தின் முந்நூற்றுச் சொச்சம் இனங்களில் சிவப்பே இல்லாதவை ஏராளம் என்பது வேறு விஷயம்.

அறிவியல் பெயரின் கதை இதைவிட வேடிக்கை. நம் சந்தையில் கிடைக்கும் நவரை மீனுக்குத் தாடைக்குக் கீழே தாடிபோல இரண்டு இழைகள் தொங்கும். மணலைத் துழாவி இரை தேட உதவுபவை. மத்தியதரைக் கடலில் நவரைபோலச் சிவந்த, ஆனால் அந்த இழைகள் இல்லாத கார்டினல் மீன் ஒன்று உண்டு. சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் அதை நவரையின் பேரினத்திலேயே சேர்த்து, ‘இம்பெர்பிஸ்’, தாடியில்லாதது, என்று பெயர் வைத்தார். பிரெஞ்சு இயற்கையியலாளர் லசெபேட் 1801இல் அதைத் தனியே பிரித்து ‘அபோகான்’ என்றார். அது கிரேக்கம், பொருள் மறுபடியும் தாடியில்லாததுதான்! பேச்சுப் பெயரில் குடுமி, ஏட்டுப் பெயரில் தாடி இல்லை. மீனுக்கு இரண்டுமே கிடையாது.

தமிழில் என்ன சொல்லலாம்? முதலில் இடத்துக்குச் சரியான சொல் வேண்டும். ‘பாறைமீன்’ என்றால் சந்தையில் வேறு மீனை எடுத்துப் போடுவார்கள். பாறை என்பது தனி மீன். மன்னார் வளைகுடாவில் கடலடிக் கல்திட்டுக்குப் ‘பார்’ என்று பழைய பெயர் இருக்கிறது. முத்துக் குளித்ததும் பார்களில்தான். ‘பார் மீன்’ என்றால் சுருக்கம், குழப்பமும் இல்லை. பகலில் பவளக் கிளைகளுக்குள்ளும் பொந்துகளிலும் கூட்டமாக ஒடுங்கிக் கிடந்து, இருட்டியதும் வெளியே வந்து மிதவை உயிரிகளைத் தின்று, விடியுமுன் பழைய பொந்துக்கே திரும்பிவிடும். கண் பெரிதாக இருப்பது இந்த ராத்திரி வேலைக்காகத்தான்.

‘கர்தினால் மீன்’ என்றே எழுதிவிட்டுப் போகலாம், தப்பில்லை. எனக்கென்னவோ ‘வாயடை மீன்’ பிடித்திருக்கிறது. பெண் இடும் முட்டைத் திரளை ஆண் வாயில் வாங்கி, பொரியும் வரை அடைகாக்கும். அதுவரை இரை எடுக்க முடியாது. வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிப் பிள்ளை வளர்ப்பது என்று நாம் சொல்வதை இது எழுத்துக்கு எழுத்துச் செய்கிறது. (சில அப்பாக்கள் பசி தாங்காமல் முட்டையை விழுங்கிவிடுவதும் உண்டு.) நம் கண்மாய்களில் பெருகிவிட்ட ஜிலேபியும் வாயில் அடைகாப்பதுதானே என்று கேட்பீர்கள். அங்கே அந்த வேலை தாய்க்கு. போதாததற்கு, ஜிலேபிக்கு ஏற்கெனவே ஊரறிந்த பெயர் இருக்கிறது. இந்தப் பெயரை இல்லாதவனுக்குக் கொடுக்கலாம்.

இந்தக் குடும்பத்தில் சிஃபாமியா என்றொரு சிறு பேரினம். அதில் ஓர் இனம் பகலில் கடல் முள்ளெலியின் நீண்ட முட்களுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். அதன் வயிற்றுப் பக்கம் விளக்குபோல ஓர் உறுப்பு. அதற்குள் ஒளிவிடும் பாக்டீரியாக்களைக் குடிவைத்திருக்கிறது. அந்த பாக்டீரியாவின் பெயர் ஃபோட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ். லத்தீன் வாலை வெட்டிவிட்டுப் பாருங்கள், மண்டபம். மதுரையிலிருந்து ராமேசுவரம் போகும் ரயிலில், பாம்பன் பாலத்துக்குச் சற்று முன்னால் வருமே, அதே மண்டபம்தான்.